வானத்திலிருந்து பூனை விழுமா?



புதுச்சேரியில் நான் குடியிருக்கும் பகுதிக்கு லாஸ்பேட்டை என்று பெயர். விமான நிலையமும் தாகூர் கலைக் கல்லூரியும் இங்கேதான் இருக்கின்றன. இந்தப் பெயரைக் கேட்டதும் வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். "லாஸ் என்றால் நஷ்டம்தானே? அப்படியானால் இது நஷ்டப்பேட்டையா?" என்பார்கள். கொஞ்சம் கூடுதலாக ஆங்கிலம் படித்த அண்ணன்மார், "இல்லை இல்லை, லா என்றால் சட்டம். வக்கீல்கள் வாழ்ந்த பேட்டையாக இருக்கும்" என்பார்கள்.

இரண்டுமே தவறு! 'லா' என்பது ஒரு மனிதரின் பெயர். ழான் லா து லோரிஸ்தோன் என்ற பிரெஞ்சு ஆளுநர் அவர். 1761-ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, நகரத்தையே இடித்துத் தள்ளினார்கள். பிறகு உடன்படிக்கை ஏற்பட்டு, 1765-ல் ஆங்கிலேயரிடமிருந்து நகரைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் இந்த லாதான். அவர் பெயரால் அமைந்ததுதான் லாஸ்பேட்டை. இங்கே நஷ்டமும் இல்லை, சட்டமும் இல்லை!

பார்த்தீர்களா? ஒரு சொல்லை அப்படியே பிய்த்துப் பொருள் பார்த்தால் எங்கேயோ போய் முட்டிக்கொள்கிறோம். இப்படி முட்டிக்கொள்ள வைக்கிற தொடர்கள் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'இடியம்' என்று பெயர். தமிழில் மரபுத்தொடர் என்கிறோம். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் உங்களுக்குப் பொருள் தெரிந்திருக்கும். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் விடை வராது! இன்று அவற்றில் சிலவற்றைப் பார்ப்போமா?

பூனை மழை, கயிறு மழை, பேய் மழை!

முதலில் எல்லோரும் கேள்விப்பட்டது. "இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்." நேராகச் சொன்னால், 'பூனைகளும் நாய்களுமாக மழை பெய்கிறது'. குடையை விரித்துக்கொண்டு போனால் தலையில் நாய் விழுமோ என்று பயந்துவிடாதீர்கள். பலத்த மழை என்பதுதான் பொருள்.

'கலிவரின் பயணங்கள்' கதையை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட், 1738-ல் வெளியான தம்முடைய நூல் ஒன்றில் இந்தத் தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆக, இதற்கு வயது 280-க்கும் மேல்!

இதைக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரர்கள் என்ன இப்படிப் பேசுகிறார்கள்!" என்று சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் பலத்த மழையைப் பார்த்து, 'கயிறு கயிறாகப் பெய்கிறது' என்பார்கள். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டில் பேசும் மொழியில், 'கிழவிகளும் கைத்தடிகளுமாகப் பெய்கிறது' என்று சொல்வது உண்டு. பாவம் பாட்டிகள்!

சரி, நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? 'பேய்மழை' என்கிறோம். வானத்திலிருந்து பேயா விழுகிறது? 'வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது' என்கிறோம். வானம் என்ன, ஓட்டை விழுந்த தண்ணீர்க் குடமா? 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் இங்கே 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதைப் பார்த்தவர்கள் யாரும், "இன்று 45 சென்டிமீட்டர் மழை பெய்கிறது" என்று பேசிக்கொள்ளவில்லை. "வானமே பொத்துக்கிச்சு" என்றுதான் சொன்னார்கள். வெறும் கணக்கில் அந்த மழையின் வேகம் வராது. அதற்காகத்தான் மனிதர்கள் மரபுத்தொடரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மொழிக்கு நடுவே நின்றவர்

புதுச்சேரியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் நகரத்தின் பழைய தெருக்களில் நடந்து போனால், பெயர்ப் பலகையில் தமிழும் இருக்கும், பிரெஞ்சும் இருக்கும். 'ரூ' என்றால் பிரெஞ்சு மொழியில் தெரு. ரூ துய்மா, ரூ சுஃப்ரேன் என்று எழுதியிருப்பதைக் காணலாம். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதற்கு முன்பு இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதனால் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன.

அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நம் மக்களுக்கும் நடுவே நின்று பேச்சை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா? அவரைத் 'துபாசி' என்பார்கள். இரண்டு மொழி அறிந்தவர் என்று பொருள். புதுச்சேரி துபாசிகளில் புகழ்பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் பிறந்தவர். ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாசியாக இருந்தார். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பெரிய பொக்கிஷம்.

துபாசி வேலை எவ்வளவு கடினமானது என்று ஒரு சின்ன கற்பனை செய்து பாருங்கள். ஒரு வணிகர் ஓடி வந்து, "கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்!" என்று துபாசியிடம் சொல்கிறார். துபாசி ஆளுநரிடம் போய், "ஐயா, கடன் வாங்கியவன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து நீட்டுகிறானாம்" என்று சொன்னால் என்ன ஆகும்? ஓடிப்போனவனைத் தேடுவதற்குப் பதிலாக, கம்பியைப் பறிக்க ஆள் அனுப்புவார்கள்! பணமும் போகும், நேரமும் போகும்.

ஆகவே நல்ல துபாசி சொல்லை எடுத்துப் போகமாட்டார். சொல்ல வந்ததை எடுத்துப் போவார். ஆங்கிலம் படிக்கும்போது நீங்களும் ஒரு குட்டித் துபாசிதான்!

ஒரே விஷயம், மூன்று வேடிக்கை

இப்போது ஒரு விளையாட்டு. ஒரே விஷயத்தை ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றும் எப்படிச் சொல்கின்றன என்று பார்ப்போம்.

நடக்கவே நடக்காத காரியம்: ஆங்கிலத்தில் "வென் பிக்ஸ் ஃப்ளை", அதாவது பன்றிகள் பறக்கும்போது. பிரெஞ்சில், கோழிகளுக்குப் பல் முளைக்கும்போது. தமிழில், 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா'! உங்கள் தம்பி, "நாளையிலிருந்து காலை 5 மணிக்கு எழுந்திருப்பேன்" என்று சொன்னால், மூன்றில் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

தொண்டை கட்டிக்கொண்டால்: ஆங்கிலேயர் "ஐ ஹேவ் எ ஃப்ராக் இன் மை த்ரோட்" என்பார். தொண்டையில் தவளை! பிரெஞ்சுக்காரர் தொண்டையில் பூனை இருக்கிறது என்பார். நமக்குத் தொண்டை 'கட்டிக்கொள்கிறது'. யார் கட்டினார்கள், எந்தக் கயிற்றால் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள்.

விலை மிக அதிகம் என்றால்: ஆங்கிலத்தில் ஒரு பொருள் "காஸ்ட்ஸ் ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்". ஒரு கையும் ஒரு காலும் விலையாகக் கேட்கிறது! பிரெஞ்சில், தலையில் இருக்கும் கண்களையே விலையாகக் கொடுக்க வேண்டும். நம் அம்மா கடையிலிருந்து திரும்பி வந்து, "தக்காளி யானை விலை குதிரை விலை சொல்கிறான்" என்பார். நல்லவேளை, தமிழில் யாருக்கும் உடம்பில் சேதம் இல்லை.

இருக்கிற இடத்துக்கே கொண்டுபோனால்: "கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்" என்று ஒரு தொடர். நியூகாசில் என்பது வடக்கு இங்கிலாந்தில் உள்ள ஊர். அந்தக் காலத்தில் அங்கிருந்து கப்பல் கப்பலாக நிலக்கரி வெளியே போகும். அந்த ஊருக்கே ஒருவன் நிலக்கரி கொண்டுபோய் விற்றால்? பிரெஞ்சுக்காரர் 'ஆற்றுக்குத் தண்ணீர் சுமப்பது' என்பார். நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்போம். 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்றும் கேட்போம்!

ஒருவர் இறந்துபோனால்: "கிக்ட் தி பக்கெட்", வாளியை உதைத்தார். 1785-ல் லண்டனில் அச்சான கொச்சைச் சொல் அகராதி ஒன்றிலேயே இது இருக்கிறது. பிரெஞ்சில், தன் புகைக்குழாயை உடைத்துவிட்டார். தமிழில் 'மண்டையைப் போட்டுவிட்டார்'. ஆனால் குழந்தைகளே, ஒன்றைக் கவனியுங்கள். இவை மூன்றும் கேலியான பேச்சு. துக்க வீட்டில் போய் இப்படிப் பேசலாமா? அங்கே 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படியே, "பாஸ்ட் அவே" என்பார்கள். மரபுத்தொடரின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பல நூறு ஆண்டுச் சண்டை. அந்தச் சண்டையில் எங்கள் புதுச்சேரியும் பலமுறை கை மாறியது. அவர்கள் பீரங்கியால் மட்டுமா சண்டை போட்டார்கள்? வார்த்தையாலும் போட்டுக்கொண்டார்கள்!

யாரிடமும் சொல்லாமல் நழுவிப்போவதை ஆங்கிலத்தில் "டேக் ஃப்ரெஞ்ச் லீவ்" என்பார்கள். பிரெஞ்சுக்காரன் மாதிரி போய்விட்டானாம். இதே காரியத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? 'ஆங்கிலேயன் பாணியில் நழுவினான்' என்கிறார்கள்! ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்கிறார்கள். தமிழர் யாரையும் இழுக்காமல் 'கம்பி நீட்டினான்', 'டிமிக்கி கொடுத்தான்' என்று முடித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் இப்படித்தான். ஒன்றுமே புரியவில்லை என்பதை ஆங்கிலத்தில் "இட்ஸ் ஆல் க்ரீக் டு மீ" என்பார்கள். எல்லாம் கிரேக்க மொழியாக இருக்கிறதாம். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் காஸ்கா என்ற பாத்திரம் இப்படிப் பேசும். பிரெஞ்சுக்காரருக்குப் புரியாவிட்டால் 'அது சீன மொழி' என்பார். ஜெர்மானியருக்கு ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால் 'ஸ்பானிஷ் மாதிரி இருக்கிறது' என்பார். நமக்கோ 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல' இருக்கும். ஆக, புரியாத மொழி என்று உலகத்தில் ஒன்று தனியாக இல்லை. அடுத்தவருடைய மொழி எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தெரியும்!

சிரிப்பில் இரண்டு வகை

இதை எதற்காக இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வகுப்பறையில் நடந்த ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தில், 'தேர்வு ஒரு பீஸ் ஆஃப் கேக்' என்று ஒரு வரி. பொருள் சொல்லும்படி கேட்டேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "பரீட்சை முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தாங்க சார்" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்துவிட்டது. 'கேக், கேக்' என்று அவனுக்குப் பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு வாரம் அந்தப் பையன் ஆங்கில வகுப்பில் வாயே திறக்கவில்லை. பதில் தெரிந்த கேள்விக்கும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் நான் கரும்பலகையில் ஒரு தமிழ் வரி எழுதினேன்: 'தேர்வு அறைக்குள் நுழைந்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது.' அதிகமாகச் சிரித்த நான்கு பேரை எழுப்பி, "இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றேன். முதலாமவன், "டாமரிண்ட்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். இரண்டாமவன், "ஸ்டமக்கில் டாமரிண்ட் ஜூஸ்" என்றான். மூன்றாமவனும் நான்காமவனும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு சிரித்தது. இம்முறை அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தான்!

பிறகு நான் விளக்கினேன். வயிற்றில் புளியைக் கரைத்தது என்றால் பயம். ஆங்கிலத்தில் அந்தப் படபடப்புக்கு "பட்டர்ஃப்ளைஸ் இன் தி ஸ்டமக்" என்பார்கள். நமக்குப் புளி, அவர்களுக்குப் பட்டாம்பூச்சி. 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் மிக எளிது. நாம் 'அல்வா சாப்பிடுகிற மாதிரி' என்கிறோமே, அதுதான். அந்தப் பையன் கேக் என்று சொன்னது முட்டாள்தனம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் சரியாகத்தான் பொருள் சொன்னான். மரபுத்தொடரை ஒருவர் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்; மூளையைக் கசக்கி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அன்றோடு 'கேக்' பட்டப்பெயர் மறைந்தது. அந்தப் பையனின் கை மறுபடி உயர ஆரம்பித்தது.

குழந்தைகளே, வேடிக்கையான தொடரைப் பார்த்துச் சிரியுங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு ஒரு பிள்ளையின் வாயை மூடிவிடும். வாயை மூடிய பிள்ளை எந்த மொழியையும் கற்க முடியாது.

போலி நண்பர்கள் ஜாக்கிரதை!

பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்கள் 'போலி நண்பர்கள்' என்று ஒன்றைச் சொல்வார்கள். இரண்டு மொழியில் ஒரே மாதிரி இருக்கும் சொற்கள். ஆனால் பொருள் வேறாக இருக்கும். மரபுத்தொடரிலும் இந்தப் போலிகள் உண்டு.

"ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்று ஒருவர் கேட்கிறார். 'என் காலை இழுக்கிறாயா?' உடனே நம் 'காலை வாருவது' நினைவுக்கு வரும். தமிழில் காலை வாரிவிட்டான் என்றால், நம்பியவனுக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று பொருள். ஆங்கிலத்தில் அப்படி இல்லை, "சும்மா விளையாட்டுக்குக் கிண்டல் செய்கிறாயா?" என்பதுதான். இரண்டிலும் கால்தான். ஒன்றில் துரோகம், இன்னொன்றில் விளையாட்டு. காலைப் பிடித்தான் என்றால் அதுவும் வேறு. கெஞ்சினான் என்று பொருள்!

நம் மொழிக்குள்ளேயே இப்படி உண்டு. 'அல்வா சாப்பிடுவது போல' என்றால் எளிது. 'அல்வா கொடுத்துவிட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான்! அதே அல்வாதான். தமிழ் கற்றுக்கொள்ள வரும் வெளிநாட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொள்ள மாட்டாரா? நாம் ஆங்கிலத்தில் படும் பாட்டை அவரும் தமிழில் படுவார்.

உண்மையான நண்பர்களும் இருக்கிறார்கள். "பைட் தி டஸ்ட்" என்றால் தோற்றுப்போவது. நம் 'மண்ணைக் கவ்வினான்' அப்படியே! "கிவ் எ ஹேண்ட்" என்றால் உதவி செய்வது. நாமும் 'கை கொடுத்தான்' என்கிறோம். "க்ரொகடைல் டியர்ஸ்" என்பது போலி அழுகை. நம் 'முதலைக் கண்ணீர்'. 'நீலிக் கண்ணீர்' என்று நமக்கே உரியது ஒன்றும் இருக்கிறது. ஆகவே போலி எது, உண்மை எது என்று ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

கதையிலும் போலி உண்டு

ஒரு மரபுத்தொடர் எப்படிப் பிறந்தது என்று கேட்டால், சுவையான கதைகள் நிறைய வரும். எல்லாக் கதையும் உண்மை இல்லை.

பூனை, நாய் மழைக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கூரை வீடுகளாம். குளிருக்காக நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருக்குமாம். மழை பெய்தால் வழுக்கிக் கீழே விழுமாம். 1999-ல் மின்னஞ்சல் வழியாக உலகமெங்கும் பரவிய கதை இது. கூரை வீட்டைப் பார்த்த நம் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் யோசியுங்கள். பூனை கூரைமேல் ஏறும், சரி. நாய் ஏறுமா? மழையில் நனைய எந்தப் பூனையாவது கூரைமேல் போய்ப் படுக்குமா? சொல் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கதையை ஒப்புக்கொள்வதில்லை.

வரலாற்றோடு சேர்ந்து நிற்கும் கதையும் உண்டு. "டர்ன் எ ப்ளைண்ட் ஐ" என்றால், தெரிந்தும் தெரியாதது போல் இருப்பது. இதைச் சொல்லும்போது ஆங்கிலேயர்கள் நெல்சன் என்ற கடற்படைத் தளபதியை நினைவுகூர்வார்கள். 1794-ல் ஒரு போரில் அவருடைய வலது கண் பார்வை போனது. 1801-ல் கோபன்ஹேகன் நகரத்துக்கு அருகே கடற்போர். 'பின்வாங்கு' என்று மேலதிகாரியின் கப்பலிலிருந்து கொடி காட்டினார்கள். நெல்சன் தொலைநோக்கியைத் தம் குருட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று சொன்னதாகக் கதை. போரைத் தொடர்ந்து வெற்றியும் பெற்றார். அம்மா கடைக்குப் போகக் கூப்பிடும்போது நீங்கள் காதில் விழாதது போல் இருக்கிறீர்களே, நீங்களும் நெல்சன்தான்!

எப்படிக் கற்றுக்கொள்வது?

நான்கே நான்கு வழிகள் சொல்கிறேன்.

1. படிக்கும்போது ஒரு வரி அபத்தமாகத் தெரிந்தால், உடனே நில்லுங்கள். 'வாளியை ஏன் உதைத்தார்?' என்று குழப்பம் வந்தால், அது மரபுத்தொடராக இருக்கக்கூடும்.

2. முன்னால் உள்ள வரியையும் பின்னால் உள்ள வரியையும் படியுங்கள். எல்லோரும் அழுகிறார்களா, சிரிக்கிறார்களா என்று பாருங்கள். பாதிப் பொருள் அங்கேயே கிடைத்துவிடும்.

3. அகராதியைப் பாருங்கள், ஆசிரியரிடம் கேளுங்கள். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தாலும், அது சில சமயம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் காலை வாரிவிடும். இன்னோர் இடத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் ஆங்கிலத் தொடர், அடுத்து பொருள், மூன்றாவதில் அதற்கு இணையான தமிழ்த் தொடர். மூன்றாவது பத்தியை நிரப்ப உங்கள் பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். அவர்கள் ஆங்கிலம் படிக்காதவர்களாக இருக்கலாம். ஆனால் பொருளைச் சொன்னால் போதும், 'அத்தி பூத்தாற்போல' அழகான தமிழ்த் தொடர்களை எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் ஆங்கிலம் கற்கும் அதே நேரத்தில் தமிழும் வளரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

உங்களுக்கு ஒரு பயிற்சி

கீழே ஐந்து ஆங்கிலத் தொடர்களும் அவற்றின் நேர்ப் பொருளும் இருக்கின்றன. இவற்றுக்கு இணையான தமிழ்த் தொடர் என்ன? இரண்டின் விடை மேலேயே ஒளிந்திருக்கிறது!

1. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் (நீல நிலா வரும்போது ஒரு தடவை)

2. கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன் (ஒரே கல்லால் இரண்டு பறவைகளை வீழ்த்துவது)

3. பில்ட் கேசில்ஸ் இன் தி ஏர் (காற்றில் கோட்டை கட்டுவது)

4. ஆட் ஃப்யூவல் டு தி ஃபயர் (நெருப்புக்கு எரிபொருள் சேர்ப்பது)

5. ரப் சால்ட் இன் தி வூண்ட் (காயத்தில் உப்பைத் தேய்ப்பது)

விடைகளைப் பார்க்கும் முன் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இதைவிட நல்ல தொடர் ஒன்றைச் சொன்னால், அதை முதலில் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

விடைகள்: 1. அத்தி பூத்தாற்போல. 2. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 3. மனக்கோட்டை கட்டுவது. 4. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. 5. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது.